ஸ்கூல் ஆண்டு மலர்: காசு இல்லையா, கணக்கு தெரியலையா?

ஜனவரி பிறந்தாலே பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு மெசேஜ் வந்து விழும். ‘நம்ம ஸ்கூல் ஆண்டு மலருக்கு விளம்பரம் தேவை. முழுப் பக்கம் இவ்வளவு, அரைப் பக்கம் இவ்வளவு.’ நாலு பேர் கும்பிடு எமோஜி போடுவார்கள். ஒருவர் ஜிபே பண்ணுவார். மிச்சப் பேர் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுவார்கள். மார்ச் வாக்கில் ‘நிதி போதாததால் இந்த வருஷம் மலர் இல்லை’ என்று கதை முடியும்.

நிதி போதாது என்பது பொய்யில்லை. அரசுப் பள்ளியோ, அரசு உதவி பெறும் பள்ளியோ, மாதக் கட்டணத்தை வாங்கித்தான் சம்பளமே போட வேண்டிய சின்னத் தனியார் பள்ளியோ, மலருக்கென்று தனியாகப் பணம் எடுத்து வைக்கும் நிலையில் பெரும்பாலும் இல்லை. ஆனால் பழைய மலர் ஒன்றைப் புரட்டிப் பார்த்தால், இருந்த காசு எங்கே போனது என்பதும் தெரிந்துவிடும்.

வழுவழு ஆர்ட் பேப்பரில் முழுக் கலரில் தாளாளர் வாழ்த்து, அவர் துணைவியார் வாழ்த்து, தலைமை ஆசிரியர் வாழ்த்து, உள்ளூர்ப் பிரமுகர் வாழ்த்து. அடுத்து, பொன்னாடை போர்த்தும் படங்கள் வரிசையாக. அதையெல்லாம் தாண்டி மங்கலான கறுப்பு வெள்ளையில், தபால்தலை அளவுக்கு, 40 பிள்ளைகள் அடைந்து கிடக்கும் வகுப்பு ஃபோட்டோ. மலர் யாருக்காகப் போட்டது என்று இதைப் பார்த்தால் சொல்ல முடியாது. இல்லை, நன்றாகவே சொல்ல முடியும்.

‘இப்பதான் எல்லார் கையிலும் ஃபோன் இருக்கே, எதுக்கு அச்சு?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஃபோன் உடைந்தால் படம் போச்சு, ஸ்டோரேஜ் நிறைந்தால் போச்சு, குரூப்பில் வந்த படம் ஆறு மாதத்தில் எங்கோ அடியில் போச்சு. அதைவிட முக்கியம், பல வீடுகளில் அந்த ஃபோன் அப்பாவுடையது. அது அவர் வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குத் தன் பெயரையும் முகத்தையும் அச்சில் சேர்த்துப் பார்க்க, 10-ஆம் வகுப்பு ஹால்டிக்கெட்டை விட்டால் வேறு வாய்ப்பு அநேகமாக இல்லை. ஹால்டிக்கெட்டில் யாருக்கும் முகம் நன்றாக வந்ததாகச் சரித்திரமும் இல்லை.

ஆகவே, மலர் போடலாமா வேண்டாமா என்று பள்ளிகள் தலையைப் பிய்த்துக்கொள்வதைவிட, இருக்கிற காசில் எல்லாப் பிள்ளையும் வருகிற மாதிரி எப்படிப் போடுவது என்று பார்ப்பதுதான் சரி. அதற்கு அச்சகம் எதற்கெல்லாம் காசு வாங்குகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

காசு எங்கே போகிறது?

ஆஃப்செட் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பிளேட் வேண்டும். கறுப்பு மட்டும் என்றால் ஒன்று. முழுக் கலர் என்றால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு. பிளேட் செலவும் மெஷினை ஓடத் தயார் செய்யும் செலவும், 100 பிரதி அடித்தாலும் 1,000 பிரதி அடித்தாலும் ஒன்றுதான். பிரதி கூடக் கூடக் கூடுவது பேப்பர், மை, பைண்டிங் மட்டும்.

ஓர் உதாரணக் கணக்கு (ரேட் ஊருக்கு ஊர் மாறும், கணக்கு மாறாது): நிரந்தரச் செலவு 24,000 ரூபாய், பிரதிக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 பிரதி அடித்தால் ஒன்று 150 ரூபாய். 600 பிரதி அடித்தால் 70 ரூபாய்தான். அச்சகத்தில் ‘சார், 600 போட்டா பாதி விலைக்கு வந்துடும்’ என்று சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் மொத்தத்தைப் பாருங்கள்: 200 பிரதிக்கு 30,000, 600 பிரதிக்கு 42,000. தேவை 200 என்றால் மிச்சம் 400 பிரதி 12,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பழைய பேப்பர். எத்தனையோ பள்ளிகளின் ஸ்டோர் ரூமில் கட்டுப் பிரிக்காத மலர் சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடப்பது இப்படித்தான்.

சின்னப் பள்ளிக்கு, அதாவது 100, 150 பிரதி போதும் என்கிற இடத்தில், பிளேட்டே தேவைப்படாத டிஜிட்டல் அச்சு மலிவாக முடியலாம். எந்த எண்ணிக்கையில் ஆஃப்செட் லாபமாக மாறும் என்பது அச்சகத்துக்கு அச்சகம் வேறு. ஒரே பக்கக் கணக்கு, ஒரே பேப்பர் சொல்லி இரண்டுக்கும் கொட்டேஷன் வாங்கிப் பார்ப்பதுதான் வழி. கொட்டேஷனில் டிசைன், லேமினேஷன், பைண்டிங், வரி எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் கேட்காவிட்டால் கடைசி நாளில் பில் வேறு முகம் காட்டும்.

பக்க எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. டெம்மி 1/8 அளவில், அதாவது கதைப் புத்தகம் வருகிற அளவில், 16 பக்கம் ஒரு பாரம். 64 பக்கம் என்றால் கச்சிதமாக நாலு பாரம். 66 என்றால் அந்த இரண்டு பக்கத்துக்காகத் தனியாக அடித்து, தனியாகச் சேர்க்க வேண்டும். கூடுதலாக வந்த ஒரு வாழ்த்துரைக்கு இந்தச் செலவு எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.

பட்ஜெட் இறுக்கம் என்றால் சரியான வடிவம் இதுதான்: அட்டை மட்டும் கலர், உள்ளே முழுவதும் மேப்லித்தோ பேப்பரில் கறுப்பு வெள்ளை, நடுவில் பின் அடித்த புத்தகம். பார்க்கப் பகட்டாக இருக்காது. ஆனால் 12 பக்கக் கலர் ஆர்ட் பேப்பரை விட்டால், அந்தக் காசில் பிள்ளைகளின் பக்கங்கள் கூடும். வாழ்த்துரை எல்லாம் சேர்த்து ஒரே பக்கம், ஆளுக்கு நாலு வரி. தாளாளர் கோபித்துக்கொள்வார் என்ற பயத்துக்கு மட்டும் எந்த டிசைன் சாஃப்ட்வேரிலும் மருந்தில்லை.

ஃபோட்டோவும் பெயரும்

டெம்மி பக்கத்தில் படம் வைக்கக் கிடைக்கும் அகலம் சுமார் 11 செ.மீ. வரிசைக்கு 10 பேர் என்று 40 பேரை நிறுத்தி எடுத்தால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 1 செ.மீ. சொச்சம். தோள்பட்டை போக முகம் கடுகளவு. அதே வகுப்பை 20, 20 ஆகப் பிரித்து, வரிசைக்கு ஐந்து பேராக நிறுத்தினால் முகம் இரண்டு மடங்காகும். செலவு கூடுதலாக ஒரு பக்கம்.

கேமராவுக்கு ஆள் வைக்கத் தேவையில்லை. ஏ4 பக்கத்தை நிறைக்கும் படத்துக்கே 300 டிபிஐ கணக்கில் 2480 x 3508 பிக்சல் போதும். 12 மெகாபிக்சல் ஃபோன் கேமரா இதைத் தாராளமாகக் கொடுக்கும். படம் கெடுவது எடுக்கும்போது அல்ல, அனுப்பும்போது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிப்போகும். டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும், அல்லது டிரைவில் ஏற்ற வேண்டும். இன்னொன்று, உச்சி வெயிலில் எடுத்தால் வெள்ளைச் சட்டை வெளிச்சத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு முகம் இருண்டுவிடும். கறுப்பு வெள்ளை அச்சில் அது இன்னும் மோசம். காலைப் பிரேயர் முடிந்ததும் மர நிழலில் நிற்க வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

டிசைனுக்குக் கான்வாவின் கல்விப் பதிப்பு ஆசிரியர்களுக்கு இலவசம். ஸ்கிரைபஸ் முழுக்க இலவச மென்பொருள். தமிழுக்கு முக்தா மலர், கேடமரன், நோட்டோ போன்ற எழுத்துருக்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. யூனிகோடு தமிழைத் தமிழக அரசு 2010-இலேயே தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய எழுத்துருவை விடாத டிடிபி சென்டர்கள் இன்னும் இருக்கின்றன. பிள்ளைகள் ஃபோனில் தட்டிய கதையை அங்கே கொடுத்தால் எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டும். அடித்தால் புதுப் பிழை. இதை முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

பிழை என்றால், கதையில் ஒற்று விட்டதைப் பிள்ளைகள் மன்னித்துவிடுவார்கள். பெயரில் விட்டதை மாட்டார்கள். மலர் கைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் முதலில் தேடுவது தன் பெயரைத்தான். ரெஜிஸ்டரில் ஆங்கிலத்தில் இருக்கும் ‘எஸ்’ இனிஷியலைத் தமிழில் எழுதும்போது அப்பா சுப்பிரமணியன் என்றால் ‘சு’, செல்வம் என்றால் ‘செ’, சரவணன் என்றால் ‘ச’. எல்லாருக்கும் ‘எஸ்.’ என்றோ ‘ச.’ என்றோ அடித்துவிட்டுப் போவதுதான் நடக்கிறது. தீர்வுக்குக் காசு ஆகாது. பெயர்ப் பட்டியலைப் பிரின்ட் எடுத்து வகுப்புச் சுவரில் இரண்டு நாள் ஒட்டி, பேனாவைக் கட்டித் தொங்கவிட்டால் பிள்ளைகளே திருத்திக் கொடுப்பார்கள். மலர் வரப்போகிறது என்ற செய்தியும் அதோடு வீடு வீடாகப் போய்ச் சேரும். இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

வசூல்: யார், எப்படி?

இங்கேதான் பல பள்ளிகள் தடுக்கி விழுகின்றன. விளம்பர ரசீதுப் புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து ‘ஆளுக்கு ரெண்டு விளம்பரம்’ என்று கடைத்தெருவுக்கு அனுப்புவது சரியே இல்லை. சொந்தக்காரர் கடை வைத்திருக்கும் பிள்ளை ஹீரோ, கூலி வேலைக்காரர் பிள்ளைக்குக் கைதட்டல் இல்லை. அதே மாதிரி, பணம் கட்டியவர்களுக்கு மட்டும் பிரதி என்ற முறையும். பக்கத்து பெஞ்சில் விரிந்திருக்கும் புத்தகத்தில் தன் படத்தை எட்டிப் பார்க்கிற நிலைமையை ஒரு பள்ளியே உண்டாக்கக் கூடாது. கலரைக் குறைக்கலாம், பக்கத்தைக் குறைக்கலாம். பிள்ளையைக் குறைக்க முடியாது.

அப்படியானால் காசு? பெற்றோரில் முடிந்தவர்கள் இரண்டு பிரதிக்குக் கொடுக்கலாம், யார் கொடுத்தார்கள் என்பது வகுப்புக்குத் தெரிய வேண்டியதில்லை. உள்ளூர் மளிகைக் கடை, ஜெராக்ஸ் கடை, டெய்லர் கடை ஆகியோரின் பெயரைச் சின்னத் தொகைக்கு ஒரே பக்கத்தில் பட்டியலாகப் போடலாம். முழுப் பக்க விளம்பரம் வாங்கும்போது அந்தப் பக்கத்தின் அச்சுச் செலவைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்க்க வேண்டும். பல நேரங்களில் பெரிதாக ஒன்றும் நிற்காது.

அரசுப் பள்ளி என்றால் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. அந்தக் கூட்டத்தில் மலரின் வரவு செலவை வைத்துத் தீர்மானம் போட்டால் பின்னால் யாரும் விரல் நீட்ட முடியாது. பணம் பள்ளிக் கணக்குக்கோ குழுவின் கணக்குக்கோதான் வர வேண்டும். ஏதோ ஓர் ஆசிரியரின் சொந்த ஜிபே நம்பருக்கு வாங்குவது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவரையே மாட்டிவிடும் வேலை.

எப்போது அச்சடிப்பது என்பதிலும் காசு இருக்கிறது. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டதிலிருந்து டிசம்பர் வரை மெஷின்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கல்யாண சீசனில் உள்ளூர் அச்சகங்களும் அப்படியே. தேர்தல் வருஷம் என்றால் சொல்லவே வேண்டாம். ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் முன்னால் ஃபைலைக் கொண்டு போய் ‘அர்ஜென்ட்’ என்று நிற்பவரிடம் யாரும் ரேட்டைக் குறைக்க மாட்டார்கள். அரையாண்டு லீவுக்குள் படமும் எழுத்தும் சேர்த்துவிட்டால் பேரம் பேச இடமிருக்கும்.

பிடிஎஃப் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். அச்சுக்குக் காசில்லை, ஆன்லைனில் ஏற்றிவிடலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பிள்ளைகளின் முகம், முழுப் பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் சேர்ந்த ஃபைலை ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவது வேறு விஷயம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாத எல்லாரும் குழந்தைகள்தான், அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது சட்டம். ஃபோட்டோ நாளிலேயே பெற்றோர் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பிடிஎஃப்பைப் பெற்றோர் குரூப்போடு நிறுத்திக்கொள்ளலாம். பிறந்த தேதியும் ஃபோன் நம்பரும் அச்சிலும் வேண்டாம்.

பக்கம் மிஞ்சினால் கடைசியில் இரண்டு பக்கம் காலியாக விடலாம், ஆட்டோகிராஃப் வாங்க. பிள்ளைகள் தனியாக ஒரு நோட்டு வாங்குவது மிச்சம்.

அடுத்த முறை அந்த விளம்பர மெசேஜ் குரூப்பில் வரும்போது, கும்பிடு எமோஜிக்கு முன்னால் பழைய மாணவர்கள் கேட்க வேண்டியவை இருக்கின்றன. மொத்தம் எத்தனை பிள்ளைகள், எத்தனை பிரதி அடிக்கிறார்கள்? பணம் கட்ட முடியாதவருக்கும் பிரதி உண்டா? போன வருஷக் கட்டு ஸ்டோர் ரூமில் எத்தனை கிடக்கிறது? பதில் வந்தால் ஜிபே பண்ணலாம். முழுப் பக்க விளம்பரத்துக்குப் பதிலாக, ‘20 பிள்ளைங்களோட பிரதிக்கு, பேர் போட வேணாம்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால் அச்சகத்துக்கு ஒரு பக்கமும் மிச்சம்.