கொடி விழும் வரை குட்டியைக் காக்க வைக்கலாமா?

கேள்வி: எங்கள் பெண் குதிரைக்கு இப்போது ஒன்பது மாதச் சினை. போன வருடம் போட்ட குட்டி நாலாம் நாளே இறந்துவிட்டது. இந்த முறையாவது குட்டியைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்?
– வாசகர் ஒருவர், ஈரோடு மாவட்டம்.

பதில்: இந்தக் குதிரை, அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் மூன்று வருடங்களுக்கு முன்பு வாங்கிய கத்தியவாரி. வாசகர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். குட்டி பிறந்தது இரவு இரண்டு மணிக்கு. முக்கால் மணி நேரத்தில் எழுந்து நின்று மடியைத் தேடியிருக்கிறது. ‘இளங்கொடி விழாமல் பால் விடக் கூடாது’ என்று வீட்டுப் பெரியவர் சொன்னதால், குட்டியைத் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். கொடி விழுந்தபோது காலை பதினொரு மணி. மூன்றாம் நாள் முன்னங்கால் மூட்டு வீங்கியது. மறுநாள் குட்டி இல்லை.

பரிசோதனை செய்யாமல் எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால், சீம்பால் கிடைக்கத் தாமதமான குட்டிகள் இப்படித்தான் போகின்றன. தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருப்பையில் இருக்கும்போது குட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை. அது வருவது சீம்பால் வழியாக மட்டுமே. அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் திறன் குட்டியின் குடலுக்கு முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். நேரம் ஆக ஆகக் குறைந்து, ஒரு நாளில் நின்றே போய்விடும். அந்த நேரத்தில் பால் கிடைக்காவிட்டால், தொப்புள் வழியாகவோ வாய் வழியாகவோ நுழையும் கிருமி ரத்தத்தில் கலந்து மூட்டில் போய்த் தங்கும்.

கொடி விழும் வரை பால் விடாமல் வைப்பது மாட்டுக் கன்றுக்குமே தவறான பழக்கம்தான். குட்டி மடியை முட்டிக் குடிக்கும்போது தாயின் உடலில் சுரக்கும் ஆக்ஸிடோசின்தான் கருப்பையைச் சுருங்க வைக்கிறது. பால் குடித்தால் கொடி சீக்கிரம் விழும். பெரியவர் சொன்னது தலைகீழ்.

மாடு வளர்த்துப் பழகிய கையோடு குதிரை வளர்ப்பவர்கள் தடுமாறும் இன்னோர் இடமும் இதிலேயே இருக்கிறது. மாட்டுக்குக் கொடி விழ அரை நாள் வரை பொறுத்துப் பார்ப்பார்கள். குதிரைக்கு மூன்று மணி நேரம்தான் கணக்கு. அதைத் தாண்டினால் கருப்பையில் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, குளம்புக்குள் வீக்கம் வந்து குதிரையே நிற்க முடியாமல் போகலாம். போன வருடம் ஒன்பது மணி நேரம் கழித்தும் தாய் தப்பியது அதிர்ஷ்டம். தொங்கும் கொடியில் கல்லைக் கட்டுவதும், பிடித்து இழுப்பதும் கூடவே கூடாது. மிதிபடாமல் முடிந்து கட்டிவிட்டு, மருத்துவரை அழைக்க வேண்டும். விழுந்த கொடியைப் புதைக்காமல் விரித்துப் பார்த்து, மருத்துவரிடமும் காட்டவும். ஒரு சிறு துண்டு உள்ளே தங்கினாலும் ஆபத்துதான்.

இனி, இந்த முறைக்கு. குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 340 நாட்கள். இரண்டு வாரம் முன்னே பின்னே ஆவது சகஜம்; அதற்காகக் கவலைப்பட வேண்டாம். குட்டி போட 4 முதல் 6 வாரங்களுக்கு முன்பு ரண ஜன்னி தடுப்பூசி போட்டாக வேண்டும். இந்த நோய் குதிரையைத் தாக்குவதுபோல வேறு எந்தக் கால்நடையையும் தாக்குவதில்லை. தாய்க்கு இப்போது போடும் ஊசிதான் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு. குடற்புழு நீக்க மருந்தை மருத்துவர் சொன்ன பிறகே கொடுக்கவும்.

கம்பு நேப்பியர் புல்லும் கோதுமைத் தவிடும் கொடுப்பதாக எழுதியிருக்கிறார். இது மாட்டுக்குச் சரி. நேப்பியர், கொழுக்கட்டைப் புல் போன்றவற்றில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தவிட்டிலோ பாஸ்பரஸ் அதிகம். இரண்டும் சேர்ந்தால் குதிரையின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து முக எலும்பு புடைத்துவிடும். சினையின் கடைசி மூன்று மாதங்களில்தான் குட்டி வேகமாக வளர்கிறது என்பதால் பாதிப்பு இன்னும் அதிகம். தவிட்டைக் குறைத்து, குதிரைமசால் சேர்க்கவும். பெயரிலேயே குதிரை இருக்கிற தீவனம், நம் பக்கத்தில் மாட்டுக்குத்தான் போகிறது! சவுண்டல் இலை வேண்டாம். பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். கோழித் தீவனம் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. அதில் கலக்கும் மொனென்சின் மருந்து குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் அப்படியே ஒதுக்க வேண்டியது.

மடி பெருத்து, காம்பு நுனியில் மெழுகுபோலத் துளி கட்டினால் ஒன்றிரண்டு நாட்களில் குட்டி எதிர்பார்க்கலாம். அதற்கு முன்பே பால் சொட்டத் தொடங்கினால், வீணாவது சீம்பால். சுத்தமான பாத்திரத்தில் பிடித்து உறைபெட்டியில் வைத்துவிட்டு மருத்துவரிடம் சொல்லவும்.

பெரும்பாலும் இரவில்தான் குட்டி போடும். ஆள் கூட்டம் இருந்தால் தள்ளிப்போடவும் செய்யும். ஒருவர் மட்டும் தள்ளி நின்று கடிகாரத்தைப் பார்த்தால் போதும். பனிக்குடம் உடைந்து அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். மாட்டைப்போல மணிக்கணக்கில் முக்கிக்கொண்டிருந்தால் குட்டி உயிரோடு இருக்காது. முதலில் வெள்ளை நிறப் பையும், அதனுள் முன்னங்கால் இரண்டும், அவற்றின் மேல் மூக்கும் தெரிவது சரியான முறை. வெள்ளைக்குப் பதிலாகச் சிவப்பு வெல்வெட் துணி போன்ற பை வந்தால், கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது என்று அர்த்தம். குட்டிக்கு மூச்சு இல்லை. மருத்துவர் வரும் வரை காத்திருக்க நேரம் கிடையாது. உடனே கையால் கிழித்துக் குட்டியை வெளியே எடுக்க வேண்டும்.

பிறந்ததும் தொப்புள்கொடியை அறுக்க வேண்டாம். தாயோ குட்டியோ எழும்போது தானாக அறுந்துவிடும். அறுந்த நுனியை மருத்துவர் தரும் நீர்த்த அயோடின் கரைசலில் நனைத்து, முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அதையே தொடரவும். போன வருடம் பூசிய மஞ்சளும் வேப்பெண்ணெயும் இந்த முறை வேண்டாம்.

ஒரு மணி நேரத்தில் குட்டி நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் கொடி விழ வேண்டும். இதில் எது தவறினாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. 1962 கால்நடை ஆம்புலன்ஸை நள்ளிரவில் நம்பி இருக்க முடியாது என்பதால், குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் ஒருவரிடம் இப்போதே பேசி வைக்கவும். மறுநாள் குட்டியின் ரத்தத்தைச் சோதித்து, எதிர்ப்புச் சக்தி போதிய அளவு சேர்ந்திருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியும். குறைந்திருந்தால் பிளாஸ்மா ஏற்றிக் காப்பாற்ற வழி உண்டு.

குட்டி மடிக்கடியில் தலையை வைத்திருப்பதால் மட்டும் குடிப்பதாக நினைத்துவிடக் கூடாது. மடியைத் தொட்டுப் பார்க்கவும். கல்போல இறுகிப் பால் ஒழுகினாலோ, குட்டியின் முகத்தில் பால் வழிந்து காய்ந்திருந்தாலோ அது குடிக்கவில்லை. முதல் சாணம் கறுப்பாக, பிசின்போல அரை நாளுக்குள் வெளியேற வேண்டும். வாலைத் தூக்கி முக்கியும் வரவில்லை என்றால் எனிமா தேவைப்படலாம்.

ஒரு வாரம் பத்து நாளில் தாய்க்கு மறுபடி பருவம் வரும். அதே நாட்களில் குட்டிக்கு லேசாகக் கழிவதும் உண்டு. துள்ளிக்கொண்டு பால் குடித்தால் பயப்பட வேண்டாம். சோர்ந்து படுத்தால் சிகிச்சை தேவை. கொடி தங்கிய வரலாறு உள்ள குதிரை என்பதால், அந்த முதல் பருவத்தில் பொலிகுதிரையுடன் சேர்க்காமல், மருத்துவர் கருப்பையைப் பார்த்த பிறகு அடுத்த பருவத்தில் சேர்க்கவும்.