அடைக்கும் வழி அறிவோம்

வீட்டுக்கு நீர் வரும் வழியை நாம் அனைவரும் அறிவோம். அதனை நிறுத்தும் வழியை அறிந்தோர் நம்முட் சிலரே. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணக்கல்லிடை ஊறி வருவது. ஆதலின், ஆண்டுக்கணக்கில் திருகாது விட்ட பித்தளை வால்வினுட் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுகிறது. குறடு கொண்டு வலிந்து திருகினால் தண்டு முறியும். உள்ளிருக்கும் அடைப்போ அசையாது. முன்னும் பின்னுமாகச் சிறுகச் சிறுக அசைத்தலே முறை.

வால்வு முறிந்தபின் நள்ளிரவிற் குழாய் வெடித்து, வீட்டில் முதியோரும் பிள்ளைகளுமே இருப்பராயின் என் செய்வர்? பம்பியை நிறுத்தி, தாங்கியிலுள்ள நீரைக் குடங்களிற் பிடித்துக்கொள்வதே அப்போதைக்குரிய வழி. பின்னர், துளையிட்ட உருண்டை உள்ளே சுழலும் வகை வால்வைப் பொருத்துவித்தல் நன்று. கால்வட்டம் திருப்பினாலே அது மூடிவிடும். மாதமொருமுறை அதனை மூடித் திறப்போம். பிள்ளைகளுக்கும் அதன் இடத்தைக் காட்டிவைப்போம். ஆபத்து வேளையில் உதவாத கருவி, வீட்டில் இருந்தும் இல்லாததே.