சீட்டுக்கட்டில் இல்லாத ரொட்டிக் கடை

மாவு விலை ஏறிவிட்டதால் ஐந்து சென்ட் ரொட்டி இனிமேல் பத்து சென்ட். ரொட்டிக் கடையில் இப்படியோர் அறிவிப்பு. வாங்க வந்தவர்கள் காசு போதாமல் திரும்புகிறார்கள். அடுத்த காட்சியில் ஒரு மாளிகை விருந்து. மேஜை நிறைய உணவு, மதுக் கோப்பைகள், சிரிப்பு. மறுபடியும் ரொட்டிக் கடை. இப்போது வரிசையில் நிற்கும் ஏழைகள் ஒருவர்கூட அசையவில்லை. படம் ஓடிக்கொண்டிருக்கிறது, அவர்கள் மட்டும் சிலைகளாக உறைந்து நிற்கிறார்கள்.

டி.டபிள்யூ.கிரிஃபித் 1909 டிசம்பரில் வெளியிட்ட ‘எ கார்னர் இன் வீட்’ என்ற மௌனப் படம் இது. ஏறத்தாழ 14 நிமிடம்தான். ‘கோதுமை ராஜா’ எனப்படும் முதலாளி, சந்தைக்கு வரும் கோதுமை முழுவதையும் தானே வளைத்துப்போடுகிறார். அவ்வளவுதான் கதை. பண வெறியைப் பற்றிய அமெரிக்கப் படம் என்றால் ‘வால் ஸ்ட்ரீட்’ (1987) பெயரைத்தான் பலரும் சொல்வார்கள். அதில் வரும் கார்டன் கெக்கோவைப் பார்த்து, திருந்துவதற்குப் பதிலாக, பங்குச் சந்தை வேலைக்குப் போக ஆசைப்பட்டவர்கள் உண்டு. கோதுமை ராஜாவைப் பார்த்து யாருக்கும் அப்படி ஆசை வந்திருக்காது.

காரணம் எளிது. முதலாளி ரொட்டிக் கடை வரிசையை ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. வரிசையில் நிற்பவர்கள் அவரைப் பார்ப்பதில்லை. விதைக்கும் விவசாயிக்கு இருவரையுமே தெரியாது. நாம் மட்டும்தான் மூன்று பேரையும் பார்க்கிறோம். காட்சிகளை மாற்றி மாற்றி அடுக்கும் படத்தொகுப்பு உத்தி அன்றைக்குப் புதுசு. அதைத் துரத்தல் காட்சிக்குப் பயன்படுத்துவதோடு நிற்காமல், ஒரு பொருளாதார உண்மையைச் சொல்லவும் பயன்படுத்தினார் கிரிஃபித். (இதே மனிதர்தான் ஆறு ஆண்டுகள் கழித்து ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ என்ற இனவெறிப் படத்தை எடுத்தார். திறமைக்கும் மனசாட்சிக்கும் தொடர்பு இருந்தே தீர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அவர் ஒரு சிக்கல்.)

கதைக்கு மூலம் ஃபிராங்க் நாரிஸின் எழுத்துகள். கோதுமையை வைத்து மூன்று நாவல்கள் எழுத நினைத்தார் நாரிஸ்: விளைவது, விற்பது, உண்பது. முதலாவதான ‘தி ஆக்டபஸ்’ 1901இல் வந்தது. 1902இல் தன் 32ஆவது வயதில் அவர் இறந்துபோனார். சிகாகோ தானியச் சந்தையைப் பற்றிய ‘தி பிட்’, 1903இல் வெளியானது. மூன்றாவது நாவல் எழுதப்படவே இல்லை. உண்பவர்களின் கதை அதுதான். நாரிஸ் எழுதாமல் விட்டதைத்தான் அந்த ரொட்டிக் கடை வரிசையில் நிறுத்தினார் கிரிஃபித் என்று எனக்குத் தோன்றுகிறது.

‘தி பிட்’ நாவலுக்குப் பின்னால் நிஜமான ஒரு கோதுமை ராஜா இருந்தார். சிகாகோ கோடீஸ்வரர் ஒருவரின் மகனான ஜோசப் லெய்ட்டர் 1897இல் கோதுமையை வாங்கிக் குவிக்க ஆரம்பித்தார். அவருக்கு எதிராக நின்றவர் இறைச்சி வியாபாரி ஃபிலிப் ஆர்மர். குளிரில் ஏரிகள் உறைந்துகிடந்தபோது, இழுவைப் படகுகளை அனுப்பிப் பனிக்கட்டியை உடைத்து, லட்சக்கணக்கான புஷல் கோதுமையைச் சிகாகோவில் கொண்டுவந்து இறக்கினார் ஆர்மர். 1898 மே மாதம் விலை உச்சத்தைத் தொட்டது, ஜூனில் சரிந்தது. மகனின் கடனை அப்பா அடைத்தார்.

அதே மே மாதம் இத்தாலியின் மிலான் நகரில் ரொட்டி விலை உயர்வு கலவரமாக வெடித்தது. தெருவுக்கு வந்தவர்கள்மீது ராணுவம் பீரங்கியால் சுட்டது. அரசுக் கணக்கின்படியே 80 பேர் செத்தார்கள். இத்தாலியில் முந்தைய ஆண்டு விளைச்சல் மோசம். ஸ்பெயின்–அமெரிக்கப் போரும் சேர்ந்துகொண்டது. எல்லாப் பழியையும் லெய்ட்டர்மீது போட முடியாது. ஆனால், விலையை மேலே தள்ளிய கைகளில் அவருடைய கையும் ஒன்று.

இனி தலைப்பில் உள்ள சீட்டுக்கட்டுக்கு வருவோம். நாவல் வந்த மறு ஆண்டே, 1904இல், பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் ‘பிட்’ என்ற அதே பெயரில் ஒரு சீட்டு விளையாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. படம் வர இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. ஆகவே, படத்திலிருந்து சீட்டு பிறக்கவில்லை. இரண்டும் ஒரே சந்தையிலிருந்து பிறந்தவை.

இந்தக் கட்டில் ராஜா, ராணி கிடையாது. கோதுமை, பார்லி, மக்காச்சோளம், ரை, ஓட்ஸ், வைக்கோல், ஆளி விதை என்று ஏழு சரக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது சீட்டுகள். எத்தனை பேர் ஆடுகிறார்களோ அத்தனை சரக்கை எடுத்துக் கலைத்துப் போட வேண்டும். ரம்மியைப் போல இதிலும் சேர்ப்பதுதான் வேலை. ஆனால், முறைவைத்து ஆடுவது கிடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் “ரெண்டு, ரெண்டு”, “மூணு, மூணு” என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். அதே எண்ணைக் கத்துபவரோடு சீட்டைக் கவிழ்த்தபடி மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே சரக்கின் ஒன்பது சீட்டும் கைக்கு வந்தவர் “கார்னர்!” என்று கூவினால் ஆட்டம் முடிந்தது. கோதுமையை வளைத்தால் 100 புள்ளி, ஆளி விதைக்கு 40தான். காளை, கரடிச் சீட்டுகளும் உண்டு. ஆட்டம் முடியும்போது கரடி யார் கையில் இருக்கிறதோ அவருக்கு 20 புள்ளி நஷ்டம்.

விளையாட்டு என்ற அளவில் அபாரமான படைப்பு. சிகாகோ சந்தையின் இரைச்சல், அவசரம், ஏமாற்று எல்லாமே சில நிமிடங்களில் அனுபவமாகிவிடும். நூறாண்டுக்கு மேலாக விற்பனையில் இருப்பது சும்மா இல்லை. என்றாலும், அந்தக் கட்டில் விவசாயிக்குச் சீட்டு இல்லை; ரொட்டி வாங்குபவருக்கும் இல்லை. ஒருவர் வென்றால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள்தான் தோற்பார்கள். அவர்கள் விரும்பி வந்து உட்கார்ந்தவர்கள். அடுத்த ஆட்டத்தில் எல்லோருக்கும் புதுச் சீட்டு.

ஊக வணிகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையும் இதுவேதான். ‘நாங்கள் எங்களுக்குள் பந்தயம் கட்டுகிறோம், உங்களுக்கு என்ன நஷ்டம்?’ என்று கேட்கிறவருக்கு ‘பிட்’டின் விதிமுறைத் தாளே போதுமான சாட்சி. கிரிஃபித்தின் படம் அதற்கு மறுப்பு.

கண்டனம் விளையாட்டாக மாறும்போது எது உதிர்ந்துபோகிறது என்பதற்கு அதே 1904இல் இன்னொரு சான்று கிடைக்கிறது. நில முதலாளிகள் ஊரை எப்படிச் சுரண்டுகிறார்கள் என்று காட்ட லிஸி மேகி என்ற பெண் ‘தி லேண்ட்லார்ட்ஸ் கேம்’ என்ற பலகை விளையாட்டை உருவாக்கி, அந்த ஆண்டு காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்ததுதான் ‘மோனோபோலி’. 1935இல் மேகியின் காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கியதும் இதே பார்க்கர் பிரதர்ஸ்தான். எச்சரிக்கை மறைந்து, எதிராளியைத் திவாலாக்கும் மகிழ்ச்சி மட்டும் மிஞ்சியது.

படத்தையும் முழுசாகப் புகழ முடியவில்லை. தானியக் கிடங்கை விருந்தினர்களுக்குச் சுற்றிக்காட்டும் கோதுமை ராஜா, உலகச் சந்தையே தன் கைக்கு வந்துவிட்ட செய்தி கிடைத்த மகிழ்ச்சியில் கால் தவறி உள்ளே விழுகிறார். கொட்டும் கோதுமை அவரை மூடிவிடுகிறது. அரிசியைப் பதுக்கும் பண்ணையாரைக் கடைசி ரீலில் தெய்வம் தண்டிப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. நிஜத்தில் யாரும் அப்படி விழுவதில்லை.

நிஜத்தில் என்ன நடக்கும் என்பதை வெங்காயம் காட்டியது. 1955இல் வின்சென்ட் கொசுகா, சாம் சீகல் என்ற இரு வியாபாரிகள் சிகாகோ வெங்காயச் சந்தையைக் கிட்டத்தட்ட முழுவதுமாக வளைத்தார்கள். பிறகு, விலை விழும் என்று பந்தயம் கட்டிவிட்டு, சரக்கை வெளியே கொட்டினார்கள். அந்த ஆகஸ்டில் 50 பவுண்டு மூட்டை 2.75 டாலருக்கு விற்றது. 1956 மார்ச்சில் அதன் விலை 10 சென்ட். வெங்காயத்தைவிட வெறும் சாக்குக்கு விலை அதிகம். விவசாயிகள் பலர் திவாலானார்கள்.

இந்த முறை மேஜைக்கு வெளியே இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களின் குரல் வாஷிங்டன்வரை கேட்டது. மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினரும் பின்னாளில் அதிபருமான ஜெரால்டு ஃபோர்டு மசோதா கொண்டுவந்தார். சிகாகோ சந்தை கடுமையாக எதிர்த்தும் 1958இல் அது சட்டமானது. அமெரிக்காவில் வெங்காயத்தை முன்பேர வணிகத்தில் வைத்துச் சூதாட இன்றைக்கும் அனுமதி இல்லை.