வாடும் முருகைக்கல்லும் வற்றும் தண்ணீரும்



இம்முறை மெல்பேர்ணில் வாழும் ஒரு சகோதரியின் கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். கடல் தொட்டி வைத்திருப்போர் நம்மில் சிலர்தான். என்றாலும் வீட்டில் ஓர் உயிரைப் பராமரிக்கும் எவருக்கும் இதில் பாடம் உண்டு.

"மகன் மூன்று வருடமாக வளர்த்த தொட்டி இது. 200 லீற்றர் கொள்ளும். படிப்புக்காக வேறு நகரத்துக்குப் போகும்போது, 'உம்மா, இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று என்னிடம் ஒப்படைத்தான். ஒரு குறையும் வைக்கவில்லை. நாளுக்கு ஒரு லீற்றர் அளவில் தண்ணீர் குறையும். அதையும் கடல் உப்புக் கரைத்துத்தான் நிரப்புகிறேன். ஒரு மாதம் போனது. இப்போது அவன் ஆசையாக வளர்த்த ஹமர் முருகைக்கல் விரிவதே இல்லை. சுருங்கி, ஓரத்தில் வெள்ளை எலும்பு தெரிகிறது. மூன்று தரம் இடம் மாற்றினேன். இரண்டு வகை மருந்து ஊற்றினேன். விளக்கின் வெளிச்சத்தையும் கூட்டினேன். விடுமுறைக்கு அவன் வரும்போது செத்த கல்லையா காட்டுவது?"

சகோதரி, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். சதை ஒட்டியிருக்கும்வரை நம்பிக்கை உண்டு. நாம் முருகைக்கல் என்று பெயர் சொன்னாலும் அது கல் அல்ல, உயிருள்ள பிராணி. நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தனக்கு எலும்புக்கூடு கட்டிக்கொள்கிறது. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருந்து, வெளிச்சத்தில் உணவு தயாரித்து அதற்கும் ஊட்டுகிறது. வாய் திறந்து சொல்ல முடியாத இந்தப் பிராணி தன் வருத்தத்தை ஒரு விதமாகத்தான் காட்டும். அது சுருங்கிக்கொள்ளும். காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

ஆகவே இன்றே கையை எடுங்கள். இடம் மாற்றுவது, மருந்து, வெளிச்சம் எல்லாம் ஒன்றாகச் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. வெளிச்சத்தை மகன் வைத்திருந்த அளவுக்கே இறக்குங்கள். திடீரென்று கூடிய வெளிச்சம் மெலிந்த முருகைக்கல்லை மேலும் வாட்டும்.

இனி காரணத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது. குழம்பு அடுப்பில் வற்றினால் உப்புக் கரிக்கும் அல்லவா? ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு சட்டியிலேயே தங்கிவிடும். வற்றிய குழம்புக்கு நீங்கள் உப்புத் தண்ணீரா ஊற்றுவீர்கள்? தொட்டியிலும் அதேதான். குறைந்த நீருக்குப் பதிலாக நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். மகன் அப்படித்தான் செய்திருப்பான். உங்களிடம் சொல்ல மறந்திருப்பான்.

கணக்கைப் பாருங்கள். கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. நாளுக்கு ஒரு லீற்றர் என்றால் 30 நாளில் ஒரு கிலோவுக்கு மேல் உப்பு கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. 200 லீற்றருக்கு அதைப் பங்கிட்டால் லீற்றருக்கு 5 கிராம். 35 ஆக இருந்தது 40 ஆகியிருக்கும்.

ஆனாலும் என் ஊகத்தை நம்பி ஒன்றும் செய்யாதீர்கள், அளந்து பாருங்கள். முள் ஆடும் பிளாஸ்ரிக் உப்பளவியில் காற்றுக்குமிழி ஒட்டினாலும் பொய் சொல்லும். கண்ணில் வைத்துப் பார்க்கும் ரிஃப்ரக்டோமீற்றர் நல்லது. அதையும் 35 என்று குறித்த அளவுத் திரவத்தில் முதலில் சரிபார்க்க வேண்டும். கருவி இல்லையென்றால் ஒரு போத்தல் தொட்டி நீரைக் கடைக்குக் கொண்டுபோங்கள், அளந்து தருவார்கள்.

40 என்று வந்தால் இப்படிச் செய்யுங்கள். நாளுக்கு 4 லீற்றர் தொட்டி நீரை எடுத்துவிட்டு, அதே அளவு உப்பில்லாத சுத்த நீரை மெதுவாகச் சேருங்கள். அன்றாடம் ஆவியாவதற்கும் சுத்த நீரே ஊற்றுங்கள். ஆறேழு நாளில் 35க்கு வந்துவிடும். வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஒரே நாளில் இறக்கப் பார்க்காதீர்கள். மெல்ல ஏறிய உப்பு மெல்லத்தான் இறங்க வேண்டும். அவசரப்பட்டால் கல்லும் மீனும் சேர்ந்து போய்விடும்.

சுத்த நீர் என்றது ஆர்.ஓ. வடிகட்டியில் வடித்த நீரை. குழாய் நீர் வேண்டாம். கொதிக்கவைத்து ஆறிய நீரும் சரிவராது. கொதித்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. மற்றொன்றையும் மறவாதீர்கள்: அழுக்கு நீரை எடுத்துவிட்டுப் புது நீர் மாற்றும் நாளில் மட்டும் உப்புக் கரைத்த நீர். வற்றியதற்கு நல்ல நீர், மாற்றியதற்கு உப்பு நீர்.

உப்பளவு 35 என்றே வந்தால் மற்றவற்றைப் பாருங்கள். வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அமோனியா இருக்கவே கூடாது. கடைக்காரர்கள் கே.எச். என்று சொல்லும் காரத்தன்மை 8, 9 அளவிலும், கல்சியம் லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரையிலும் இருந்தால் போதும். இவற்றில் எண்ணைவிட ஆட்டமில்லாமல் நிற்பதே பெரிது. நீரோட்டம் நேரே முகத்தில் அடிக்கிறதா என்றும் பாருங்கள். ஹமர் முருகைக்கல்லுக்கு மெல்லிய அசைவுதான் பிடிக்கும். அயலில் வேறு முருகைக்கல் இருந்தால், விளக்கணைந்த பின் ஒரு டோர்ச் அடித்துப் பாருங்கள். சில இனங்கள் இரவில் நீண்ட விழுதுகளை விட்டுப் பக்கத்துக் கல்லைக் கொட்டும். நீங்கள் ஊற்றிய மருந்துகளில் செம்பு கலந்திருக்கிறதா என்று லேபலை வாசியுங்கள். மீனின் நோய்க்குக் கொடுக்கும் செம்பு மருந்து முருகைக்கல்லுக்கு நஞ்சு.

இவ்வளவும் பொறுமையாகச் செய்யலாம். ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. சதையின் மேல் மண்ணிறக் கூழ் போல் படிந்து நாற்றமடித்தால் அது வேகமாகப் பரவும் அழுகல். நீரோட்டத்தை நிறுத்தி, அந்தக் கல்லைத் தொட்டி நீர் நிரப்பிய தனிப் பாத்திரத்துக்கு மாற்றி, அன்றே அனுபவமுள்ள ஒருவரை அழையுங்கள்.

வீட்டுப் பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை. தொட்டிக்குள் சட்டைப் பொத்தான் அளவில் கூட்டமாக மலரும் ஸோவாந்திட் என்ற இனம் உண்டு. அவற்றில் சிலவற்றில் கடும் நஞ்சு இருக்கிறது. அவை ஒட்டிய கல்லை ஒருபோதும் கொதிநீரில் போடாதீர்கள், குசினித் தொட்டியில் தேய்த்துக் கழுவாதீர்கள். ஆவியிலும் தெறிக்கும் நீரிலும் நஞ்சு சேர்ந்து மூச்சுக்குள் போகும். 2018 இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்ஷயரில் தொட்டியிலிருந்து முருகைக்கல் எடுத்ததால் ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போனது, உதவிக்கு வந்தவர்களும் போனார்கள். தொட்டிக்குள் கை வைக்குமுன் கையுறை போடுங்கள், சிறு பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

இதை வாசிக்கும் நம் நாட்டுச் சகோதரிகள், கடலுக்குப் போனபோது ஒரு துண்டு உடைத்து வந்து வளர்க்கலாமே என்று எண்ண வேண்டாம். இங்கு அது சட்டப்படி குற்றம். 1998 இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவை முருகைக்கற்கள் வெளுத்துப்போயின. உள்ளிருந்த நுண்பாசியை இழந்ததால் வந்த வெளுப்பு அது. பெருங்கடலிலேயே இந்தப் பாடு என்றால், ஒரு கண்ணாடித் தொட்டியில் அதன் கதி என்ன?

கடைசியாக, மெல்பேர்ண் சகோதரிக்கு இரண்டு சொல். தொட்டியின் பின்பக்கம் நீர்மட்டத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். தினமும் காலையில் அந்தக் கோடு வரை சுத்த நீர் ஊற்றுங்கள். ஓர் அப்பியாசக் கொப்பியில் திகதி, உப்பு, வெப்பம் மூன்றையும் எழுதி வாருங்கள். உப்பு சரியான பிறகும் அது விரியச் சில கிழமைகள் ஆகலாம்.

மற்றது, மகனிடம் மறைக்காதீர்கள். இன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லாமல் போனதும், நீங்கள் கேட்காமல் விட்டதும்தான் நடந்த தவறு. அந்தக் கொப்பியை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள், மற்றதை இருவருமாகச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.