ரெயிலோடு போனவர்கள் யார்?

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி. நள்ளிரவு நெருங்கும் நேரம். பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாசஞ்சர் ரெயில் புறப்பட்டது. வெளியே பேய்க்காற்று. கொட்டும் மழை.

அந்த ரெயில் தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஊரை நெருங்கும்போது கடல் எழுந்து வந்தது. ரெயிலை அப்படியே வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

ரெயிலில் போனவர்கள் 115 பேர் என்கிறார்கள். அந்தப் புயலில் மாண்டவர்கள் மொத்தம் 1,800 பேருக்கு மேல் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு.

சரி. அந்த 115 பேரில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள், பார்க்கலாம்!

சொல்ல முடியாது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தவர் இ. ஸ்ரீதரன். அவர் பெயர் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நல்லதுதான். அந்தப் புயலின்போது ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேசுவரத்தில் சிக்கிக்கொண்டு, உயிர் தப்பித் திரும்பினார்கள். அந்தக் கதையை இன்றைக்கும் சுவையாகச் சொல்கிறோம். ஆனால் ரெயில் என்ஜினை ஓட்டியவர் யார்? அவருக்காக வீட்டில் யார் சோறு எடுத்து வைத்துக் காத்திருந்தார்கள்? இதை யாரும் கேட்பதில்லை.

அப்பத்தா சொன்ன கதை

எனக்கும் இதில் குற்றம் உண்டு. ஒப்புக்கொள்கிறேன்.

என் அப்பத்தாவுக்கு ராமநாதபுரம் பக்கம். மழைக்காலம் வந்தால் போதும், "அந்த வருசத்துக் காத்து மாதிரி இருக்கேய்யா" என்று தொடங்குவார். கூரை பறந்தது, ஆடு செத்தது, மறுநாள் கரையோரத்தில் இருந்து ஜனங்கள் நடந்து வந்தது, அவர்களுக்கு எந்த வீட்டில் கஞ்சி காய்ச்சினார்கள் என்பது வரை சொல்வார். ஊர்ப்பெயர், ஆள்பெயர் எல்லாம் விழும்.

நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்காக எங்கோ நடந்த போர்களின் தேதியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். "சரி அப்பத்தா, அப்புறம் கேட்கிறேன்" என்பேன்.

அப்புறம் அப்பத்தா இல்லை. அவர் சொன்ன பெயர்களில் ஒன்றுகூட இன்று என் நினைவில் இல்லை.

1964-ல் 10 வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது 70 தாண்டிவிட்டது. விவரம் தெரிந்த 20 வயதுக்காரராக இருந்திருந்தால் 80-க்கு மேல். எத்தனை பேர் மிச்சம் இருப்பார்கள்? இன்னும் எத்தனை மழைக்காலம் பார்ப்பார்கள்?

பேய் ஊராம்!

2017-ல் தனுஷ்கோடிக்கும் அதைத் தாண்டி அரிச்சல்முனைக்கும் நல்ல ரோடு போட்டுவிட்டார்கள். இப்போது வேனிலும் காரிலும் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். இடிந்த சர்ச் முன்னால் நின்று படம் எடுக்கிறோம். "பேய் ஊர்" என்று தலைப்புப் போட்டு ஊரெல்லாம் அனுப்புகிறோம்.

எனக்கு இது பிடிக்கவில்லை. அது பேய் ஊர் அல்ல. ஸ்டேஷன் இருந்த ஊர். தபாலாபீசும் சுங்க ஆபீசும் பள்ளிக்கூடமும் இருந்த ஊர். தலைமன்னாருக்குக் கப்பல் போன ஊர். புயலுக்குப் பிறகு, குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்தது. தண்டவாளம் மறுபடி போடப்படவே இல்லை. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் அந்த மணலை விட்டுவிடவில்லை. குடிசை போட்டுக்கொண்டு இன்றும் அங்கே இருக்கிறார்கள். உயிரோடு மனிதர்கள் அடுப்பு மூட்டும் இடத்தைப் பேய் ஊர் என்பது என்ன நியாயம்?

நான் போனபோது, சங்கும் சிப்பியும் விற்கும் ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். "பாசி வாங்குறியா தம்பி, கதை கேக்க வந்தியா?" என்றார். இரண்டும்தான் என்றேன். சிரித்துக்கொண்டே பக்கத்தில் ஒரு பலகையை இழுத்துப் போட்டார். முக்கால் மணி நேரம் பேசினார். புயலைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். அதற்கு முந்தி இருந்த ஊரைப் பற்றித்தான் அதிகம் பேசினார். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் சொல்லி, எந்தக் காற்றில் என்ன மீன் படும் என்று விரல் மடக்கிச் சொன்னார். நான் பாதியைத்தான் குறித்துக்கொண்டேன். பேனா அவர் வாயை எட்டிப் பிடிக்கவில்லை.

எப்படிக் கேட்பது?

இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. அதில் குரலைப் பதிவு செய்யலாம். தம்பிடி செலவில்லை.

ஆனால் போனவுடன் போனை மூஞ்சியில் நீட்டி, "புயல் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "பயங்கரமா இருந்துச்சு" என்பார். அதோடு முடிந்தது. "அன்றைக்கு ராத்திரி உங்க வீட்டில் என்ன சமையல்?" என்று கேளுங்கள். "பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள்?" என்று கேளுங்கள். கதை தானாக வரும். இடையில் குறுக்கே பேசாதீர்கள். அழுதால் நிறுத்திவிடுங்கள்; இன்னொரு நாள் போங்கள். "இதை வெளியே சொல்லாதே" என்றால் சொல்லாதீர்கள். பதிவு செய்யலாமா என்று முதலிலேயே சம்மதம் கேட்டுவிட வேண்டும். பேசியவர் பெயர், ஊர், தேதி இவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிப் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து யார் குரல் என்றே தெரியாது.

"கிழவி சொல்வதெல்லாம் சரித்திரமா? ஆளுக்கு ஒன்று சொல்வார்களே!" என்று படித்தவர்கள் கேட்கக்கூடும். ஆமாம், சொல்வார்கள். 60 வருடத்து நினைவில் தேதி தவறும், நேரம் தவறும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி வையுங்கள். சர்க்கார் பைலைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். பைலில் எத்தனை படகு போனது என்று இருக்கும். படகு போனவன் பிறகு எந்த ஊரில் போய் மூட்டை தூக்கினான் என்று இருக்காது.

யார் செய்வது?

ஒருவர் தனியாகச் செய்கிற காரியம் அல்ல இது. 1947 பிரிவினையில் வீடு வாசல் இழந்தவர்களின் நினைவுகளை ஒரு தனிச் சங்கம் சேர்த்து வருகிறது. 10,000 பேருக்கு மேல் பேசியிருக்கிறார்கள். கேட்டு வந்தவர்களில் பெரும்பகுதி தொண்டர்கள். சாதாரண ஆண்கள், பெண்கள்.

ராமேசுவரம் தீவில் அதைவிட வசதி இருக்கிறது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே "கடல் ஓசை" என்ற ரேடியோ 2016-ல் தொடங்கப்பட்டது. பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. மீனவர் சங்கங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் கேட்கட்டும், வாத்தியார் எழுத்தைத் திருத்தட்டும், ரேடியோ ஒலிபரப்பட்டும், சங்கத்துப் பெரியவர்கள் யாரிடம் போக வேண்டும் என்று கைகாட்டட்டும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய காகிதத்தைக் காப்பாற்றும் வித்தை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் யோசனை கேட்கலாம்.

ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். வெளியூரில் இருந்து யார் வந்து பதிவு செய்தாலும், ஒரு பிரதி அந்த ஊர் நூலகத்தில் இருந்தாக வேண்டும். கதையை வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வருவதே இல்லை என்று அந்தப் பாட்டியே சொன்னார். "நீயும் அப்படித்தானே?" என்றும் கேட்டார்.

அடுத்த மாதம் மறுபடி போகிறேன். போனில் இருந்த பாட்டையும் படத்தையும் அழித்து இடம் செய்து வைத்திருக்கிறேன். பாசி மாலைக்கும் பணம் பாக்கி இருக்கிறது.