தழும்பின் பெயரும் தடையின் வேரும்

ஒரு நோயின் பெயர் எதைச் சுட்டுகிறதோ, ஆய்வின் பார்வையும் நெடுங்காலம் அதிலேயே நிலைத்துவிடுவதுண்டு. 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்னும் பெயர் பல இடங்களில் ஏற்பட்ட இறுக்கத்தைக் குறிக்கிறது. 1868இல் பாரிசில் ஷார்கோ இந்நோயை வரையறுத்தபோது, அவர் கண்டவை மூளையிலும் தண்டுவடத்திலும் இறுகிப்போன தழும்புகள். பின்வந்தோர் தாக்குதலை ஆராய்ந்தனர்: உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே நரம்பிழைகளைப் போர்த்திய மயலின் உறையைச் சிதைக்கிறது. 1993இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இன்டர்ஃபெரான் பீட்டா தொடங்கி, இன்றைய மருந்துகளும் பெரும்பாலும் அத்தாக்குதலைத் தணிப்பவையே. அவற்றின் பயன் பெரிது. ஆயினும் மழை விட்டும் தூவானம் விடவில்லை. தாக்குதல் தணிந்த பின்னும் பலருக்குச் செயலிழப்பு வளர்கிறது.

சிதைந்த உறையை மீண்டும் உருவாக்கவல்ல முன்னோடிச் செல்கள் நோயாளியின் மூளையிலேயே உள்ளன. புண்பட்ட இடங்கள் பலவற்றில் அவை இருந்தும் முதிர்ச்சியடைவதில்லை. அவற்றைத் தடுப்பது எது?

விடையின் ஒரு பகுதி இரத்தத்தில் இருக்கிறது. இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு பழுதுபடும்போது, இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் உள்ளே கசிகிறது. சான்பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் நிறுவனத்தில் கத்தரீனா அகசோக்லுவின் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, இப்புரதம் முன்னோடிச் செல்களுக்குள் ஒரு சமிக்ஞையைத் தூண்டி, அவை முதிர்வதைத் தடுப்பதைக் காட்டியது. ஃபைப்ரினோஜனைக் குறைத்த எலிகளில் உறைச் சீரமைப்பு மேம்பட்டது.

எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்திவிடாது. இரத்தம் உறைவதற்கு இன்றியமையாத புரதத்தை முற்றாக நீக்கவும் இயலாது. ஆனால் உறைதலைக் குலைக்காமல், ஃபைப்ரினின் அழற்சியூட்டும் பகுதியை மட்டும் தடுக்கும் எதிர்ப்புரதம் ஒன்றை அதே ஆய்வுக்குழு 2018இல் விலங்குகளில் சோதித்துக் காட்டியது. வழி குறுகலானது; எனினும் அடைபடவில்லை.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளுள் இந்நோயும் ஒன்று. நிலைத்த இழப்பைச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அவ்விழப்பை ஈடுசெய்ய முயலும் கடமை அறிவியலுக்கு எஞ்சியுள்ளது. தாக்குதலை நிறுத்தும் மருந்தோடு, சீரமைப்புக்கு இடையூறானதை அகற்றும் மருந்தையும் தேடும் ஆய்வுக்கு நிதியும் இளம் ஆய்வாளர்களின் உழைப்பும் இணையாகச் சேர வேண்டும். பெயர் தழும்பைச் சுட்டுவதால், ஆய்வும் தழும்போடு நின்றுவிட வேண்டியதில்லை.