டிஸ்கார்டுன்னா என்ன அர்த்தம்?

கம்ப்யூட்டர் மனிதனின் நண்பன் என்று நாம் எல்லாருமே கட்டுரை எழுதியிருக்கோம். நண்பன்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்த நண்பன் ஒருநாள் என்னை நல்லா மாட்டிவிட்டான். பாதித் தப்பு என் மேலயும்தான்.

எங்க அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்காங்க. 12 பேர், வாரம் ஆளுக்கு 50 ரூபாய் சேமிப்பு. 26 வாரக் கணக்கைப் பட்டியல் போடணும்னு பேச்சு வந்ததும், "எம்மக ஒன்பதாவது படிக்கிறா, கம்ப்யூட்டர்ல போட்டுத் தருவா"ன்னு அம்மா பெருமையாச் சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்டு அக்காவோட பழைய லேப்டாப்பில் உட்கார்ந்தேன். 12ஐ 26ஆல் பெருக்கிப் பாருங்க, 312 கட்டம்! தொடக்கத்தில் 'குழு'ன்னு பேர் வச்சு ஒரே ஒரு தடவை சேமிச்சதோட சரி. அப்புறம் நோட்டைப் பார்த்து அடிச்சுக்கிட்டே போனேன்.

நடுவில் மூணு பேர் வந்து திருத்தம் சொன்னாங்க. எதிர் வீட்டு அத்தை, "ஏத்தா, ரெண்டு வாரம் பாக்கின்னு நோட்டுல இருக்கும். அதை நான் கட்டிட்டேன், சேத்துக்க"ன்னாங்க. நோட்டில் எழுதாமல் நேராக் கட்டத்திலேயே போட்டேன்.

சாயங்காலம் திரை அப்படியே நின்னுபோச்சு. எதை அழுத்தினாலும் அசையலை. பிறகு தானாவே மூடிக்கிச்சு. மறுபடி திறந்தா ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஒரு பொத்தானில் ரெகவர், இன்னொன்றில் டிஸ்கார்ட். ரெகவர்னா காய்ச்சல் குணமாவதுன்னு படிச்சிருக்கேன், அது இங்கே எதுக்குன்னு தெரியலை. டிஸ்கார்டில் 'கார்டு' இருக்கே, ரெக்கார்டு மாதிரி ஏதோ நல்லதுதான்னு அதை அழுத்தினேன். "ஆர் யூ ஷூர்"னு இன்னொரு தடவை கேட்டுச்சு. மரியாதையா "எஸ்" போட்டேன். தலைப்பும் 12 பேரும் மட்டும் இருந்தது, மத்ததெல்லாம் காலி.

அழுதுக்கிட்டே ராத்திரி மறுபடி அடிச்சேன். மூணு திருத்தத்தில் ரெண்டுதான் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பட்டியலை வாசிச்சப்போ அத்தை பேருக்கு நேரா 'பாக்கி 100'. அத்தனை பேர் முன்னாடி, "உன்கிட்டதானத்தா சொன்னேன்"னு அவங்க கேட்டாங்க பாருங்க. 100 ரூபாய் இல்லை விஷயம், அவங்க பொய் சொன்ன மாதிரி ஆயிருச்சு. பணம் கட்டினதைப் பார்த்த ரெண்டு பேர் சொன்ன பிறகுதான் கணக்கு நேராச்சு. எங்கம்மா முகத்தை நான் பார்க்கவே இல்லை.

மறுநாள்தான் அகராதியைப் புரட்டினேன். டிஸ்கார்டுன்னா 'வேண்டாம்னு தூக்கிப் போடு'. கம்ப்யூட்டர் என் கணக்கைத் தொலைக்கலை. பத்திரமா எடுத்து வச்சு, வேணுமான்னு ரெண்டு தடவை கேட்டிருக்கு. எனக்குத் தெரியாத பாஷையில் கேட்டிருக்கு, அவ்வளவுதான்.

அக்காகிட்ட கேட்டுத் தெரிஞ்சதைச் சொல்றேன். எக்செல், லிப்ரே ஆபீஸ் ரெண்டுமே நாம சும்மா இருந்தாலும் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு நகல் எடுத்து ஒளிச்சு வைக்கும். அது சேமிப்பு இல்லை, ஆபத்துக்குத்தான். ஒழுங்கா மூடினால் அந்த நகல் போயிரும். கடைசி நகலுக்குப் பிறகு அடிச்சது வராமலும் போகலாம். ஆனா அந்த 10ஐ ஆப்ஷன்ஸில் போய் 2ன்னு மாத்திக்கலாம். எக்செல்லில் சேமிக்காமலே மூடிட்டாலும் ஃபைல், இன்ஃபோ வழியா மீட்டுப் பார்க்க ஒரு இடம் இருக்கு. வைகையில் சம்பந்தர் விட்ட ஏடு எதிர்நீச்சல் போட்டுத் திருவேடகத்தில் கரை ஏறுச்சுன்னு கதை சொல்வாங்க. நம்ம ஏடு தானா வராது, சரியான பொத்தானை நாமதான் அழுத்தணும்.

இந்தக் கட்டக் கணக்கு வந்த கதையும் ஒரு வகுப்பறையில்தான். அமெரிக்காவில் ஹார்வர்டில் படிச்ச டான் பிரிக்ளின், கரும்பலகையில் ஓர் எண் மாறினால் ஆசிரியர் மற்றதையும் அழித்து அழித்து எழுதுவதைப் பார்த்தாராம். அதிலிருந்து வந்த யோசனையில் பாப் ஃப்ராங்ஸ்டனோடு சேர்ந்து 1979இல் 'விசிகால்க்' கொண்டுவந்தார். அழிச்சு எழுதக் கூடாதுன்னு வந்ததை நான் ராத்திரி முழுக்க மறுபடி எழுதினேன்!

இப்ப என் கருத்து. கம்ப்யூட்டர் பீரியடில் கட்டத்துக்குக் கலர் அடிக்க, படம் வரையக் கத்துக்கிட்டோம். நின்னுபோனால் என்ன செய்யணும்னு கத்துக்கலை. டீச்சர் கோவிச்சுக்கக் கூடாது, அதைத்தான் முதல் பாடமா வைக்கணும். லிப்ரே ஆபீஸைத் தமிழ் முகப்போடயே போடலாம், காசும் கிடையாது. நம்ம கம்ப்யூட்டர் அறையில் ஒண்ணுலயாவது போட்டுப் பார்க்கணும். "இங்கிலீஷ் படிச்சுக்கோ, அதுதான் நல்லது"ன்னு சிலர் சொல்வாங்க. படிக்கத்தான் போறோம். ஆனா எங்க அத்தை கணக்கு அதுவரைக்கும் காத்திருக்குமா?

அதுக்கு முன்னாடி ஒரு சார்ட் அட்டையில் நாலே நாலு வார்த்தை தமிழ் அர்த்தத்தோட எழுதி ஒட்டலாம். சேவ், ரெகவர், டிஸ்கார்ட், கேன்சல். அட்டை வாங்குற செலவு என்னுடையது. எழுதுறதுக்கு மட்டும் வேற யாராவது வாங்க. என் கையெழுத்து லட்சணம் இந்தத் தாளிலேயே தெரியுதே.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி